திட்டத்தில் வராதது

சோதனை வண்டி முதன்முதலாகச் சலவைக்கூடத்து முற்றத்தில் வந்து நின்ற அன்று, அந்தப் பக்கம் ஒரு பெண்ணும் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

சாப்பாட்டு நேரம். ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் அழுக்குப் போர்வை மூட்டைகளை இறக்கும் இடத்தில், பஸ்ஸை விடக் கொஞ்சம் குட்டையான அந்த வெள்ளை வண்டி நின்றது. சுவரோரம் உட்கார்ந்து டப்பாவைத் திறந்திருந்த பெண்கள் அதை அழையா விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். வண்டியோடு வந்திருந்த தொண்டு அமைப்பின் மேடம் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லாரும் மார்பகப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை, முற்றிலும் இலவசம் என்று சொன்னார். மார்பகம் என்ற சொல் ஒலிபெருக்கியில் வந்ததும் பாதிப் பேர் தங்கள் டப்பாவுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

"இலவசம்னு சொன்னாலே நம்மகிட்டேருந்து எதையோ எடுக்கப் போறாங்கன்னு அர்த்தம்," என்றாள் கறை நீக்கும் மேசையில் வேலை செய்யும் ஒருத்தி.

"எடுத்துட்டுப் போகட்டும். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போற பாரமாவது குறையும்," என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு வந்தது. ஆள் வரவில்லை.

அப்போது எழுந்தவள்தான் கஞ்சியக்கா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஜை விரிப்புகளுக்குக் கஞ்சி போடும் தொட்டியில் நின்றவள். பிறகு ரோலருக்கு மாறி எத்தனையோ காலம் ஆகியும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நடையும் அதற்குத் தோதாகத்தான் இருக்கும், கஞ்சி போட்ட துணிபோல முதுகு வளையாமல். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளை இல்லை. ஒரே தங்கையோடு ஒரே வீட்டில் இருந்தாள். தங்கைக்கும் இதே கூடத்தில்தான் வேலை, மடிப்பு மேசையில். தங்கையின் வீட்டுக்காரர் தூரதேசத்தில் கட்டட வேலை செய்தார். காசும் எப்போதாவது வரும், ஆளும் எப்போதாவது வருவார். அவர்களுக்கு ஒரு மகள். அவளை வளர்த்தது பெரியம்மாதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

"நீ எங்கக்கா போறே?" என்று தங்கை கையைப் பிடித்தாள்.

"உள்ளே ஏசி இருக்குமாம். கொஞ்ச நேரம் காத்து வாங்கிட்டு வரேன்."

உள்ளே உண்மையாகவே குளிர்ந்தது. ரோலர் வேலை என்றால் ஈரப் போர்வையின் இரு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, கொதிக்கும் உருளைக்குள் சுருக்கமில்லாமல் செலுத்துவது. நாள் முழுக்க ஆவியில் வெந்தவளுக்கு அந்தக் குளிர் கூச்சத்தைக்கூட மறக்கடித்தது. நர்ஸ் அவளை இயந்திரத்தின் முன் நிறுத்தி, ஒரு தகட்டின் மேல் மார்பை எடுத்து வைத்து, மேலிருந்து இன்னொரு தகட்டை இறக்கி அழுத்தினாள். மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். கஞ்சியக்காவுக்கு வலித்தது. ஆனால் ரோலரில் விரல் மாட்டிக்கொண்டால் வலிப்பதுபோல இல்லை.

வெளியே வந்து படியில் நின்றபடியே பெண்களிடம் சொன்னாள்: "ஒண்ணும் இல்லடி. நம்ம ரோலர்தான். இங்க நீங்க போர்வை, அவ்வளவுதான். எழுந்து வாங்க."

அந்த ஒரு வார்த்தைக்கு வரிசை சேர்ந்துவிட்டது. மேடம் அவளைப் பார்த்து வியந்துபோனார். வரிசையில் தங்கையும் நின்றாள். நர்ஸ் வயதைக் கேட்டு, இன்னும் நாற்பது ஆகவில்லை, அடுத்த முறை வண்டி வரும்போது வாருங்கள் என்று அவளைத் திருப்பி அனுப்பினாள்.

"பாத்தியாக்கா, உன்னைக் கிழவின்னு ஏத்துக்கிட்டாங்க, என்னைச் சின்னப் பொண்ணுன்னு விரட்டிட்டாங்க," என்று தங்கை அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கொஞ்ச நாளில் போன் வந்தது. படத்தில் ஒன்று சந்தேகமாக இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றார்கள். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். கட்டி இருந்தது. கையால் தடவினால் தட்டுப்படாத இடத்தில், ஆழத்தில் உட்கார்ந்திருந்தது. தானாகத் தெரிய வந்திருந்தால் காலம் கடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதில் பொய் இல்லை. அந்த வண்டி வராமல் போயிருந்தால் கஞ்சியக்கா இன்றைக்கு இல்லை. இதை அவள் பின்னால் எத்தனை கோபத்திலும் மறுத்ததில்லை.

இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, நகம் கறுத்தது, சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. தங்கை ஷிஃப்ட் முடிந்து ஓடி வந்து அவளைக் குளிப்பாட்டினாள். தழும்பைத் துடைக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பாமல் துடைத்தாள். மகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். செலவு எதுவும் அவர்கள் தலையில் விழவில்லை. எல்லாவற்றையும் மேடத்தின் அமைப்பே பார்த்துக்கொண்டது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "இந்தக் கையால இனிமே பாரம் தூக்காதீங்க. சூடு பட விடாதீங்க. முடிச்சு எடுத்த கை, வீங்கிடும்."

பாரமும் சூடும் இல்லாத வேலை சலவைக்கூடத்தில் எது? அவள் ரோலருக்கே திரும்பினாள். ஈரப் போர்வையை ஒரு வாரம்கூடத் தூக்கியிருக்க மாட்டாள், கை தோளிலிருந்து விரல்வரை உப்பிப் பளபளத்தது. வளையல் சதைக்குள் புதைந்து, அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவளை அதுவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"உங்க உடம்புதாம்மா முக்கியம்," என்றார் மேனேஜர். நல்ல மனிதர்போலவே பேசினார். "இங்க உங்களால முடியாது. நான் உங்களைக் கஷ்டப்படுத்தினா எனக்கே பாவம்."

"மடிப்பு மேசையில போடுங்க சார். அங்க பாரம் இல்ல."

"மேசைக்கு ஆள் இருக்கே."

"கறை பாக்கற இடத்துல?"

"அங்கயும் இருக்கு." பிறகு ஏதோ உபகாரம் செய்கிறவர்போல, "வேணும்னா ஒண்ணு செய்யறேன். ரோலர்ல உங்க இடத்தை உங்க தங்கைக்கே தரேன். மேசையை விட இங்க சம்பளம் ஜாஸ்தி. குடும்பத்துக்குள்ளேயே இருக்கும்," என்றார்.

தங்கை ரோலருக்குப் போனாள். காலியான மேசைக்கு அடுத்த நாளே வெளியிலிருந்து ஒரு புதுப் பெண் வந்துவிட்டாள். இதைத் தங்கை வீட்டில் சொல்லவில்லை. கறை மேசைக்காரி ஒரு நாள் பார்க்க வந்தபோது வாய்தவறிச் சொல்லிவிட்டாள். கஞ்சியக்கா வீங்கிய கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மேடம் ஒரு போட்டோக்காரரோடு வந்தார். பிழைத்து வந்தவர்களின் முகத்தைப் பார்த்தால் மற்ற பெண்களுக்குத் தைரியம் வரும் என்றார். மேடம் கெட்டவர் இல்லை. வெயிலில் அலைந்து கருத்துப்போன முகம், காலில் தேய்ந்த செருப்பு, பை நிறையக் காகிதம். தன் அம்மாவை இதே நோய்க்குக் கொடுத்தவர் என்று நர்ஸ் ஒருமுறை சொல்லியிருந்தாள். போட்டோக்காரர் கஞ்சியக்காவை ஜன்னலோரம் நிறுத்தி, வீங்கிய கை தெரியாதபடி பக்கவாட்டில் திரும்பச் சொன்னார்.

படம் எடுத்து முடிந்ததும் அவள் கேட்டாள்: "மேடம், எனக்கு ஒரு வேலை கிடைக்குமா? உக்காந்து பாக்கற மாதிரி. இல்லேன்னா மேனேஜர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சோதனை, சிகிச்சை, விழிப்புணர்வு. இந்த மூணுக்குத்தாம்மா எங்களுக்கு அனுமதி. வேலை விஷயம் எங்க திட்டத்துல வராது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மேனேஜர்கிட்ட நான் கேக்க முடியாது. கேட்டா அடுத்த வருஷம் உள்ளே விடமாட்டார். அவர் விட்டாதானே மத்தவங்களைச் சோதிக்க முடியும்?" என்றார்.

அது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதுதான் கஞ்சியக்காவுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

வண்டியின் பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு அவள் படம் ஏறியது. 'நான் வென்றேன். நீங்களும் வெல்லலாம்' என்று கீழே எழுதியிருந்தது. கூட்டங்களுக்குக் கூட்டிப்போனார்கள். போகவர வண்டி, மதியம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், நெஞ்சில் குத்த ஒரு ரோஸ் ரிப்பன். அவள் நன்றாகப் பேசினாள். ரோலர் கதையைச் சொன்னால் எந்தக் கூட்டமும் சிரித்துவிடும். ஒருமுறை செங்கல் சூளைப் பெண்கள் நடுவில் பேசும்போது, "இப்ப என்ன வேலை பாக்கறீங்கக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். கஞ்சியக்கா வாயைத் திறப்பதற்குள் மேடம் முந்திக்கொண்டு, "இப்போ எங்களோடதான் இருக்காங்க," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கஞ்சியக்காவும் தட்டினாள். வேறென்ன செய்வது?

மறுவருஷம் வண்டி சலவைக்கூடத்துக்கு வந்தது. தங்கைக்கு நாற்பது ஆகிவிட்டது. மேடம் சொன்னதன் பேரில் கஞ்சியக்காவும் கூட வந்து முற்றத்தில் நின்றாள். போன வருஷம் முண்டியடித்த வரிசை இப்போது பாதிகூட இல்லை. பெண்கள் அவளிடம் அன்பாகத்தான் பேசினார்கள். கையைத் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக ஒவ்வொரு காரணம் சொல்லி உள்ளே போய்விட்டார்கள். தங்கை முற்றத்துக்கே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. தங்கை அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி வரலை?"

"வேலை இருந்துச்சு."

"சாப்பாட்டு நேரத்துல என்ன வேலை? எங்கிட்டயே கதை விடாதே."

தங்கை குழாயை நிறுத்தினாள். "அக்கா, சோதனை பண்ணினா ஒண்ணு இருக்குன்னு சொல்லிட்டா?"

"சொன்னா வைத்தியம் பண்ணுவாங்க. எனக்குப் பண்ணலையா?"

"பண்ணினாங்க. அப்புறம்? மேனேஜர் உன்னை உக்காரச் சொன்ன நாற்காலியில என்னையும் உக்காரச் சொல்வாரு. நானும் வீட்டுக்கு வந்துட்டா மூணு பேரும் எதைத் திங்கறது? உன் ரிப்பனையா?"

கஞ்சியக்காவுக்குச் சுரீரென்றது. "உசிரு போனா மட்டும் தின்னுவியா?" என்று கத்தினாள்.

"அந்த வண்டியில உன் படத்தைப் பாக்கறப்போ நீ பொழைச்சு வந்தது எனக்கு ஞாபகம் வரலக்கா. நீ மாசக் கடைசியில எங்கிட்ட பஸ்ஸுக்குக் காசு கேக்கறதுதான் ஞாபகம் வருது. நீ கேக்கறப்போ உன் மூஞ்சியைப் பாக்க எனக்குத் தாங்கல." தங்கை மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள். "பொண்ணு படிச்சு முடிக்கட்டும். அப்புறம் போய்க் காட்டிக்கறேன். லீவு நாள்ல நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன். போதுமா?"

அதற்குமேல் அந்தப் பேச்சை எடுத்தாலே தங்கை எழுந்து வெளியே போய்விடுவாள். அதற்கடுத்த வருஷமும் வண்டி வந்தது, போனது. அடுக்களைக்கும் படுக்கைக்கும் நடுவே அந்த வீட்டில் மூன்று பெண்களும் பழையபடி சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை.

கஞ்சியக்கா அதைக் கண்டுபிடித்தது துணியில்தான். தங்கைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்திருந்தாள். வீட்டுத் துணியைத் தானே துவைக்கலாம் என்று கஞ்சியக்கா எடுத்தபோது, வாளிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்த உள்ளாடைகள் இருந்தன. கூடவே ஹோட்டலின் முகம் துடைக்கும் துண்டுகள் சில, நாலாக மடித்து. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் கறை. நடுவில் பழுப்பு, ஓரத்தில் மஞ்சள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் எந்தப் பெண்ணுக்கும் அது ரத்தமும் நீரும் கலந்த கறை என்று தெரியும். ஒருமுறை வந்த கறையும் இல்லை. துவைத்துத் துவைத்து அதே இடத்தில் மறுபடி மறுபடி ஊறிய கறை.

அவள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தங்கையின் படுக்கை ஓரம் உட்கார்ந்தாள். தங்கை பையைப் பார்த்தாள். மறைக்க முயலவில்லை.

"எவ்வளவு நாளாடி?"

"நீ சண்டை போட்டியே, அன்னிக்கே ஒரு பட்டாணி மாதிரி இருந்துச்சு."

தங்கை சட்டையை விலக்கிக் காட்டினாள். தோல் ஆரஞ்சுப் பழத் தொலிபோலத் தடித்துச் சிவந்து, ஒரு பக்கம் வெடித்திருந்தது. இந்த மார்போடுதான் அவள் நேற்றுவரை ரோலரின் ஆவி முன் நின்று போர்வை செலுத்தியிருக்கிறாள். வலி தெரியாமல் இருக்க மாத்திரை. நனையாமல் இருக்கத் துண்டு. வாடை தெரியாமல் இருக்கக் கூடத்தின் சோப்பு.

"உங்கிட்ட சொன்னா நீ இழுத்துட்டுப் போயிருப்பே," என்றாள் தங்கை.

"ஆமாண்டி. இழுத்துட்டுப் போயிருப்பேன்."

"அதான் சொல்லல."

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்தான். படங்களை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, முதுகெலும்புவரை போயிருக்கிறது என்றார். அக்காவை இங்கேயே வைத்துப் பிழைக்க வைத்திருக்கிறோம், பக்கத்திலேயே இருந்துகொண்டு ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல் கேட்டார். தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவரைப் பார்த்தாள். போகும்போது டாக்டர் மகளைக் கூப்பிட்டு, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இருந்திருப்பதால் நீ சின்ன வயதிலிருந்தே தவறாமல் காட்டிக்கொள்ள வேண்டும் என்று தனியாகச் சொல்லி அனுப்பினார்.

தங்கை கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டு கிடந்தாள். கடைசியில் திரும்பிப் படுக்கக்கூட ஆள் வேண்டியிருந்தது. ஒரு கை வீங்கிய கஞ்சியக்காவால் அவளைத் தூக்க முடியவில்லை. மகள்தான் தூக்கிப் புரட்டினாள். ரோலரில் தங்கையின் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. மேனேஜர் இந்த முறை யாரையும் உட்காரச் சொல்லவில்லை, கணக்கை முடித்துக் கறை மேசைக்காரி கையில் கொடுத்தனுப்பினார். ஒரு மழை நாள் காலையில் தங்கை போனாள். அவள் வீட்டுக்காரர் காரியமெல்லாம் முடிந்தபின் வந்து சேர்ந்து, சில நாள் திண்டாடிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பிப் போனார். மகள் படிப்பை நிறுத்திவிட்டுச் சலவைக்கூடத்தில் மடிப்பு மேசைக்குச் சேர்ந்தாள். வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிப் பார்த்தாள். "வேற எங்க போறது பெரியம்மா?" என்று கேட்டுவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

வருஷ முடிவில் மேடத்தின் அமைப்புக்குப் பெரிய விழா. ஒரு மண்டபம், மேடை, பூந்தொட்டி. வண்டிக்கு இடம் கொடுத்த தொழிற்சாலைகளின் ஆட்களுக்கு விருது கொடுப்பதாக ஏற்பாடு. பெண் தொழிலாளர் நலனில் அக்கறை காட்டியதற்காகச் சலவைக்கூடத்து மேனேஜருக்கும் ஒன்று. அதை அவர் கையில் கொடுக்க வேண்டியது, அந்தக் கூடத்திலேயே நோய் கண்டுபிடிக்கப்பட்டுப் பிழைத்த கஞ்சியக்கா. மேடம் இதைப் போனில்தான் சொன்னார்.

"தங்கச்சி விஷயம் எனக்கும் ரொம்ப வருத்தம்மா," என்றார் மேடம். "நீங்க வந்து பேசினா, சோதனை பண்ணிக்காம விட்டா என்ன ஆகும்னு நாலு பேருக்குப் புரியும்."

"புரியும்படி பேசறேன் மேடம்," என்றாள் கஞ்சியக்கா.

மேடையில் ஏறினாள். எதிரே முன்வரிசையில் விருது வாங்கப் போகிறவர்கள். பின்னால் பல தொழிற்சாலைகளிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்த பெண்கள். அவர்களில் தங்கை மகளும் இருந்தாள். கஞ்சியக்கா வழக்கம்போல ரோலர் கதையில் ஆரம்பித்தாள். வழக்கம்போலச் சிரித்தார்கள். பிறகு சொன்னாள்:

"இந்த வண்டி என் உசிரைக் காப்பாத்துச்சு. அதுல சந்தேகமே இல்ல. நீங்க எல்லாரும் போய்க் காட்டிக்குங்க. என் தங்கச்சி காட்டிக்கல, போயிட்டா. அவளுக்குத் தெரியாம இல்ல. பயந்தாங்கொள்ளியும் இல்ல. என் புண்ணைத் தொடைச்சவ அவ. ஊசிக்கும் கத்திக்கும் அவ பயப்படல."

அவள் முன்வரிசையைப் பார்த்தாள். "இந்த ஐயாவுக்குத்தான் பயந்தா. எனக்கு வைத்தியம் முடிஞ்சு வந்ததும் இவர் என்னை வீட்டுக்கு அனுப்பிட்டார். அதைக் கூடத்துல இருக்கற அத்தனை பேரும் பாத்தாங்க. அதுக்கப்புறம் வரிசையில யாரு நிப்பா? ஒளிச்சு வச்சா வேலையாவது இருக்கும்னு நெனச்சா. சீக்கிரம் கண்டுபிடிச்சா பொழைக்கலாம்னு எழுதியிருக்கீங்க. எதை வச்சுப் பொழைக்கறதுன்னு எங்கயும் எழுதல. இந்த விருதை நான் கொடுக்கமாட்டேன். வேற யாராவது கொடுங்க."

பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்த யாரோ ஒருவர் ஓரத்திலிருந்து கைதட்டிவிட்டு, மற்றவர்கள் தட்டவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். மேனேஜர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, "கம்பெனி ரூல்ஸ் சார். என் கையில என்ன இருக்கு?" என்று சொன்னது மேடைவரை கேட்டது. பிறகு அறிவிப்பாளர் வேறொரு பெண்ணைக் கூப்பிட்டு விருதைக் கொடுக்க வைத்தார். மேனேஜர் வாங்கிக்கொண்டார், படமும் எடுத்துக்கொண்டார்.

வீடு திரும்பிய தங்கை மகள் சாப்பிடாமல் படுத்தாள். "சொன்னது சரிதான் பெரியம்மா. ஆனா நாளைக்கு அங்க வேலைக்குப் போகப் போறது நான்தானே?" என்றாள். கஞ்சியக்கா அதை நினைக்காமல் இல்லை. நினைத்தும் சொல்லியிருந்தாள். அதனால் மன்னிப்புக் கேட்கவும் அவளால் முடியவில்லை.

தங்கை மகளை மேனேஜர் வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் மறுவருஷம் சலவைக்கூடம் வண்டியை உள்ளே விடவில்லை. முற்றத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. இன்னும் சில தொழிற்சாலைகளும் அதையே சொல்லின. மேடம் வீடு தேடி வந்தார். வண்டியிலிருந்து கஞ்சியக்காவின் படத்தை எடுத்துவிட்டதை முதலில் சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல," என்றார். "ஆனா எனக்கு வண்டி நிறுத்த இடம் போச்சு. அந்தக் கூடத்துல மட்டும் எத்தனை பொம்பளைங்க இருக்காங்க? அதுல யாருக்கு இருக்கோ, இனிமே யார் பாக்கறது?"

"நான் வாயை மூடிக்கிட்டிருந்தா மட்டும் வந்திருப்பாங்களா மேடம்? வண்டி உள்ளே இருந்தப்பவே வரலையே."

"கொஞ்சம் பேராவது வந்தாங்க."

அந்தக் கொஞ்சம் பேரில் ஒருத்திக்குக் கட்டி இருந்தால்? அந்தப் பாவம் யார் கணக்கு? கஞ்சியக்கா எழுந்து தண்ணீர் கொண்டுவந்து மேடத்துக்குக் கொடுத்தாள். "தெருவுல நிறுத்துங்க," என்றாள். "தெரு அவர் அப்பன் வீட்டுச் சொத்து இல்லையே. நான் வந்து நிக்கறேன்."

அப்படித்தான் வண்டி சலவைக்கூடத்தின் பின்சுவரை ஒட்டிய தெருவில், ஆவிக்குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டு புஸ்புஸ்ஸென்று மூச்சுவிடும் இடத்தில் வந்து நின்றது. ஷிஃப்ட் விடும் நேரம். கஞ்சியக்கா வண்டியின் படியருகே நின்றாள். தெருமுனையில் கூடத்தின் வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். அங்கே அவன் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. வண்டிக்குப் போகக்கூடாது என்று மேனேஜர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஸ்டூல் போதுமாக இருந்தது.

கறை மேசைக்காரி மட்டும் நேராக வண்டிக்கு வந்தாள். "எனக்கு அடுத்த மாசத்தோட வேலை முடியுது. இனிமே என்கிட்ட என்னத்தைப் புடுங்குவாங்க?" என்று வாட்ச்மேன் காதுபடச் சொல்லிவிட்டு ஏறினாள். கொஞ்சம் கழித்து இன்னொருத்தி, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, ஆவிக்குள் புகுந்து வந்தாள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு, சிலர் அதுவும் இல்லாமல், நடையை எட்டிப்போட்டார்கள்.

தங்கை மகள் தோழிகளோடு வந்தாள். பெரியம்மாவைப் பார்த்ததும் பின்தங்கி, செருப்பைச் சரிசெய்பவள்போலக் குனிந்தாள்.

"உள்ளே டாக்டரம்மா இருக்காங்க. உன் வயசுக்கு மெஷின் வேண்டாமாம், கையாலேயே பாத்துடுவாங்களாம். ஒரு நிமிஷ வேலை. ஏறு," என்றாள் கஞ்சியக்கா.

"லீவு நாள்ல ஆஸ்பத்திரிக்கே போய்க் காட்டிக்கறேன் பெரியம்மா."

"உங்கம்மாவும் இதையேதான் சொன்னா."

மகள் நிமிரவில்லை. செருப்பு வாரை இழுத்து இழுத்து விட்டாள். "தெரியும். நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன், எல்லாம் கேட்டேன்," என்றாள் மெதுவாக. "இந்த மாசம் மேசையிலேருந்து ரெண்டு பேரைக் குறைக்கப் போறாங்களாம். இன்னிக்கு வேண்டாம். எங்கூடப் பேசிக்கிட்டு நிக்காதீங்க, வாட்ச்மேன் பாக்கறான்."

அவள் எழுந்து வேகமாக நடந்து தோழிகளோடு சேர்ந்துகொண்டாள். அவர்களில் ஒருத்தி ஏதோ கேட்டாள், இவள் தலையை ஆட்டினாள். வாட்ச்மேனைத் தாண்டும்போது எல்லாரும் பேச்சை நிறுத்தி, தாண்டியபின் தொடர்ந்தார்கள்.

நர்ஸ் கதவைத் திறந்து, இனி யாராவது வருவார்களா, மூடிவிடலாமா என்று கேட்டாள். அடுத்த ஷிஃப்ட்டுக்காரர்கள் வருகிற நேரம்தான், கொஞ்சம் பார்க்கலாம் என்றாள் கஞ்சியக்கா. சொல்லி வாய்மூடும்போதே தெருவின் அந்தக் கோடியில் அவர்கள் கும்பலாகத் திரும்பினார்கள். வண்டியைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், ஸ்டூலைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தார்கள்.